கைபேசியில் சந்தை விலை: ஏரல் பகுதி விவசாயிகள் பயன்படுத்துவது எப்படி?

தாமிரபரணிப் பாசனத்தில் உள்ள ஏரல் பகுதியில் நெல், வாழை, வெற்றிலை முக்கியப் பயிர்கள். நெல் அறுவடைக்குப் பின் உளுந்தும் விதைக்கப்படுகிறது. தமிழக அரசின் உழவன் செயலியில் சந்தை விலை நிலவரத்தைக் கைபேசியிலேயே பார்க்கலாம். ஆனால் விலை தெரிந்தால் மட்டும் லாபம் வந்துவிடாது. நல்ல விலைக்காக அந்தப் பொருள் காத்திருக்குமா என்பதையும் பார்க்க வேண்டும்.

இருப்பு வைக்கக்கூடியவை: உளுந்து, நெல், கொப்பரை

மத்திய அரசு 2016 ஏப்ரல் 14 அன்று தொடங்கிய இ-நாம் என்னும் மின்னணு தேசிய வேளாண் சந்தையில், ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்கள் வழியாக விற்கலாம்.

* ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம், கைபேசி எண்ணுடன் இலவசமாகப் பதிவு செய்யலாம்.
* உங்கள் பொருள் அங்கு ஏலம் விடப்படுகிறதா, எந்த நாளில் என்று முன்கூட்டியே விசாரிக்கவும்.
* பொருளின் தரம் பரிசோதிக்கப்பட்ட பிறகு வியாபாரிகள் கணினி வழியாக விலை கேட்பார்கள். விலை கட்டுப்படியாகாவிட்டால் மறுத்துவிடலாம்.
* வெளியூர் வியாபாரி பொருளை நேரில் பார்ப்பதில்லை. தர அறிக்கையை நம்பியே விலை கேட்கிறார். எனவே உளுந்தை 12 சதவீத ஈரப்பதத்துக்குக் கீழ் காயவைத்து, கல், தூசி நீக்கிக் கொண்டு செல்லவும்.
* விலை குறைவாக இருந்தால் விற்பனைக்கூடக் கிடங்கில் இருப்பு வைத்துப் பொருளீட்டுக் கடன் பெறலாம். அவசரச் செலவுக்காகக் குறைந்த விலைக்கு விற்க வேண்டியதில்லை.

காத்திருக்க முடியாதவை: வாழை, வெற்றிலை

வெட்டிய தார் சில நாட்களில் பழுக்கத் தொடங்கிவிடும். அதன்பின் பேரம் பேச முடியாது. ஆகவே வெட்டுவதற்கு முன்பே இரண்டு மூன்று சந்தைகளின் விலையை ஒப்பிடவும். வண்டி வாடகை, இறக்குக் கூலி, கமிஷன் ஆகியவற்றைக் கழித்து, கையில் நிற்கும் தொகையைக் கணக்கிட்டு முடிவு செய்யவும். தார் கணக்கா, எடைக் கணக்கா என்பதையும் முதலிலேயே பேசிக்கொள்ளவும். பல விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒரே வண்டியில் அனுப்பினால் செலவு குறையும். புவிசார் குறியீடு பெற்ற ஆத்தூர் வெற்றிலைக்கும் இது பொருந்தும்.

பணம் பெறும்போது எச்சரிக்கை

பணம் பெறுவதற்கு ரகசிய பின் எண் தேவையில்லை. ‘பணம் அனுப்புகிறேன், பின் எண்ணைப் போடுங்கள்’ என்று யார் சொன்னாலும் அது மோசடி. பணம் அனுப்பியதாகக் காட்டும் படத்தை நம்பாமல், கணக்கில் வரவு வந்ததை உறுதி செய்த பிறகே சரக்கை ஏற்றவும்.

இ-நாம் பற்றிய சந்தேகங்களுக்கு 1800-270-0224, சாகுபடி ஆலோசனைகளுக்குக் கிசான் அழைப்பு மையம் 1800-180-1551 ஆகிய கட்டணமில்லா எண்களில் தொடர்பு கொள்ளலாம்.