ஒதுக்கல் தந்த காயம்

1890-களில் டான் சாய் யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கிலும், பின்னர் புக்கிட் அசாஹானிலும் ரப்பர் நட்டார். அதன்பின் பெருகிய தோட்டங்களில் தமிழர் குடியிருந்தவை ஒட்டுச்சுவர் லயங்கள். அங்கே ஒருவர் கையில் படை தோன்றினால் மறைக்க வழியில்லை. தோல் நோய் ஊரறிந்த நோயாகிவிடும். அப்போது முதலில் புண்படுவது மனம்தான் என்பதைத் தொழுநோயின் வரலாறு காட்டுகிறது.

தொடக்கத்தில் அரசு கடலையே வேலியாக்கியது. மலாக்காவுக்கு அருகே செரிம்புன் தீவும், பினாங்கில் ஜெரெஜாக் தீவும் 19-ஆம் நூற்றாண்டில் நோயாளிகளை ஒதுக்கிய இடங்கள். 1926-இல் கூட்டு மலாய் மாநிலங்கள் கட்டாய ஒதுக்கலைச் சட்டமாக்கின. சிலாங்கூரில் பணியாற்றிய மருத்துவர் டிராவர்ஸ், செத்தாப்பாக் தொழுநோய்க் காப்பகத்தின் அவலத்தைக் கண்டு மாற்று வழி கேட்டுப் போராடினார். அதன் பயனாக 1930-இல் சுங்கை பூலோ குடியிருப்பு திறக்கப்பட்டது. சிறு வீடுகள், தோட்டம், பள்ளிக்கூடம், வழிபாட்டிடங்கள், நோயாளிகளே நடத்திய மன்றம் என அது ஓர் ஊராகவே வளர்ந்தது. மனநல ஆலோசகர் என்ற சொல்லே புழங்காத காலத்தில், வேலையும் அண்டை அயலும் திருவிழாவும் அந்தப் பணியைச் செய்தன.

மருந்தில்லாத காலத்தில் ஒதுக்கலைத் தவிர வேறு வழி ஏது என்று கேட்கலாம். அச்சம் நியாயமானதே. ஆனால் தொழுநோய் எளிதில் தொற்றுவதில்லை. பெரும்பாலோர் உடலில் இயல்பாகவே அதை எதிர்க்கும் ஆற்றல் உண்டு. 1940-களின் இறுதியில் டாப்சோன் மருந்து வந்து நோய் குணமான பின்னும் பலர் வீடு திரும்பவில்லை. அவர்களைத் தடுத்தது கிருமியா, ஊரார் பார்வையா? குடியிருப்பு ஆறுதல் தந்ததே என்பதும் உண்மை. ஆயினும் அந்த ஆறுதல் சக நோயாளிகள் தந்தது. அங்கே பிறந்த குழந்தைகளைத் தாயிடமிருந்து பிரித்ததும் அதே ஏற்பாடுதான்.

சொரியாசிஸும் வெண்புள்ளியும் யாருக்கும் தொற்றுவதில்லை. ஆனாலும் தொட்டால் ஒட்டும் என்ற பேச்சு இன்றும் நிற்கவில்லை. தோல் நோயின் சுமையை அளக்க 1994-இல் வெளியான பத்துக் கேள்விகள், அரிப்போடு கூச்சத்தையும் உறவையும் வேலையையும் பற்றிக் கேட்கின்றன. மலாக்காவின் ஜாசினிலோ அலோர் காஜாவிலோ களிம்பு எழுதித் தரும் மருத்துவர் அவற்றையும் கேட்கட்டும். அண்டை வீட்டார் படை தோன்றிய கையைப் பற்றிக் குலுக்கட்டும். சுங்கை பூலோவில் நோயாளிகள் ஒருவருக்கொருவர் தந்ததை, நலமாயிருக்கும் நாம் தரக் கடமைப்பட்டிருக்கிறோம்.