வளியொளி: ஒரு பெயரின் வரலாறு

நிலவும் முகிலும் இல்லாத நள்ளிரவிலும் வானம் முற்றும் இருண்டிருப்பதில்லை. விண்மீன்களுக்கு இடைப்பட்ட வெளியிலும் மெல்லிய ஒளி பரந்துள்ளது. அதன் ஒரு பகுதி விண்மீன்களுடையதன்று. நம் உலகைச் சூழ்ந்த வளியே உமிழ்வது. இவ்வுண்மை தெளிந்த வரலாற்றையும், அதில் பெயர் பெற்ற பங்கினையும் ஈண்டு ஆராய்வோம்.

1868-இல் சுவீடன் நாட்டு அறிஞர் ஆங்சுட்ராம் நிறமாலைநோக்கி கொண்டு இரவு வானை ஆய்ந்தார். துருவ ஒளிக்கே உரியதெனக் கருதப்பட்ட பச்சைக் கோடு, துருவ ஒளி தோன்றாத இரவிலும் அவருக்குப் புலப்பட்டது. 1920-களில் இவ்வொளியை முறையாக அளக்கத் தொடங்கிய நான்காம் ரேலே பெருமகனும் அதனைத் 'துருவம் சாராத துருவ ஒளி' என்றே வழங்கினார். முரண்பட்ட இப்பெயர், புதியதொன்றைப் பழைய பெயருக்குள் அடக்க முயன்றதன் அடையாளம் எனலாம்.

1925-இல் மக்லெனனும் சுரமும் அப்பச்சைக் கோடு ஆக்சிசன் அணுவினது எனச் சோதனைச்சாலையில் நிறுவினர். பகலில் கதிரவன் ஒளியால் பிளவுண்ட ஆக்சிசன் அணுக்கள் இரவில் மீண்டும் கூடுங்கால் வெளிப்படும் ஆற்றலே அவ்வொளிக்குக் காரணம் என 1931-இல் சாப்மன் விளக்கினார். துருவ ஒளியோ விண்வெளியினின்று பாயும் மின்துகள்கள் வளியைத் தாக்குதலால் எழுவது. எனவே, இரண்டும் வேறு என்பது தெளிவாயிற்று. 1950-இல் எல்வி என்பார் இதற்குத் தனிப்பெயர் தந்தார். அப்பெயரின் பொருள் தழுவி நாம் இதனை 'வளியொளி' என்போம். 'வானொளி' என்பதனினும் இதுவே பொருந்தும். ஒளிர்வது வளியே என்பதனைப் பெயரே உணர்த்துகின்றதன்றோ?

ஒளி வளியினுடையது எனின், வளி அசையுங்கால் ஒளியும் மாறுதல் வேண்டும். இக்கருத்தே பின்னர்ப் பெரும்பயன் விளைத்தது. மேலெழுந்த வளி புவியீர்ப்பால் தாழ்ந்து மீண்டும் எழுதலால் அலைகள் தோன்றும். அண்டவெளியில் பரவும் ஈர்ப்பலைகள் இவற்றின் வேறானவை. இடிமுகில்களும் மலைமேல் வீசும் காற்றும் இவற்றை எழுப்பும். மேலே செல்லச் செல்ல வளியின் அடர்த்தி குறைதலால் அலையின் வீச்சு பெருகும். மேல்வளியில் காணப்பட்ட ஒழுங்கற்ற அசைவுகளை 1960-இல் ஹைன்சு இவ்வலைகளால் விளக்கினார். 1973-இல் பீட்டர்சனும் கீஃபேபரும், ஏறத்தாழ 87 கிலோமீட்டர் உயரத்தில் ஐதராக்சில் உமிழும் அகச்சிவப்பு ஒளியைப் படம்பிடித்து, அதில் ஒளிப்பட்டைகள் நிலவுவதைக் காட்டினர். அலை செல்லுமிடத்தில் வெப்பமும் அடர்த்தியும் மாறுதலால் ஒளி ஏறியும் இறங்கியும் தோன்றும். இவ்வாறு கண்ணுக்குப் புலனாகாத அலைக்கு வளியொளி திரையாயிற்று.

இக்காலத்தில் முழுவானையும் ஒருங்கே காணும் வில்லையும், குறித்த நிறத்தை மட்டும் விடுக்கும் வடிகட்டியும், நுண்ணுணர் படக்கருவியும் இப்பணிக்கு உதவுகின்றன. தமிழகத்தில் காந்த நடுக்கோட்டை அடுத்த திருநெல்வேலியிலும் இத்தகைய ஆய்வு நிகழ்ந்துள்ளது. ஆற்றுமுகத்தில் ஏறிவரும் ஓதம்போல, கூரிய அலைமுகமொன்று மேல்வளியில் விரைந்தமை அங்குப் படம்பிடிக்கப்பட்டு, 2009-இல் கட்டுரையாக வெளிவந்தது. ஏறத்தாழ 250 கிலோமீட்டர் உயரத்துச் செவ்வொளியில் தோன்றும் கரும்பட்டைகளோ மின்துகள் குறைந்த பகுதிகளைக் காட்டுவன. வானொலி அலைகளையும் செயற்கைக்கோள் வழிகாட்டுக் குறிகளையும் குலைக்கவல்லவை.

பிழைபட்ட பெயர் ஆராய்ச்சியைப் பழைய தடத்திலேயே நிறுத்தக்கூடும். செம்மையான பெயரோ அடுத்த வினாவை எழுப்பும். கலைச்சொல் ஆக்குவோர் சொல்லின் ஓசையை மட்டும் நோக்காது பொருளின் காரணத்தையும் நோக்கல் வேண்டும் என்பதற்கு வளியொளியின் வரலாறு தக்க சான்றாகும்.