விருப்ப மதிப்பீடு, குழந்தைகளின்

உடற்பருமன் தடுப்புத் திட்டங்களை வகுக்குமுன், குழந்தைகள் எதை விரும்பித் தின்கிறார்கள், எதை விரும்பி விளையாடுகிறார்கள் என்று கண்டறியும் முறை. பெற்றோரிடம் கேட்பது எளிது. ஆனால் பிள்ளைக்குப் பிடித்ததும் வீட்டில் வழக்கமாகக் கிடைப்பதும் அந்தப் பதிலில் கலந்துவிடும்.

எழுதப் படிக்கத் தெரியாத வயதினருக்கு அமெரிக்க உளவியலாளர் லியான் பிர்ச் 1970களின் இறுதியில் பயன்படுத்திய முறை இன்றும் கையாளப்படுகிறது. குழந்தை ஒவ்வோர் உணவையும் துளி சுவைத்து, சிரிக்கும் முகம், சுளித்த முகம், இரண்டுமில்லாத முகம் ஆகிய மூன்று படங்களில் ஒன்றின்முன் வைக்கும். பிறகு ஒவ்வொரு குவியலிலும் மிகப் பிடித்ததை முதலில் எடுக்கச் சொல்லி, அதை அகற்றிவிட்டு, எஞ்சியவற்றில் மீண்டும் கேட்பார்கள். தரவரிசை கிடைத்துவிடும். பட்டாணி போன்ற காய்களில் மாற்று விருப்பமுள்ள தோழர்களோடு நான்கு நாள் உட்கார்ந்து சாப்பிட்ட பிள்ளைகளின் தேர்வு மாறியதை 1980இல் அவர் வெளியிட்டார். ஆகவே ஒருமுறை அளந்த விருப்பத்தை நிலையானதாகக் கொள்ளலாகாது.

உடலியக்கத்துக்குச் சுவைபார்க்கும் வழியில்லை. ஓடுதல், சைக்கிள், தொலைக்காட்சி என்று படங்களை இரண்டிரண்டாகக் காட்டித் தேர்வு செய்யச் சொல்வர். கேட்பவர் ஆசிரியராக இருந்தால் ஓட்டம் சற்று அதிகமாகவே வெல்லும். அதனால் இடுப்பில் கட்டும் முடுக்கமானியின் பதிவோடு ஒப்பிடுவது நல்லது.