பழைய டீசல் பேருந்தில் சார்ஜ் ஏறவில்லையா? பேட்டரி வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

பள்ளிப் பேருந்து, தொழிற்சாலைப் பேருந்து ஓட்டும் தொழிலில் நம்மவர்கள் பலர் இருக்கின்றனர். பொழுது விடியும் முன்பே வண்டி புறப்பட வேண்டும். அந்நேரத்தில் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் ஒரு வண்டிப் பிள்ளைகளும் பள்ளிக்குத் தாமதம். உடனே புதிய பேட்டரி வாங்கிப் போடுவோர் உண்டு. ஆனால், கோளாறு சார்ஜ் ஏற்றும் பகுதியில் இருந்தால் புதிய பேட்டரியும் சில நாள்களில் இறங்கிவிடும்.

பகலில் தெரியாத கோளாறு

பெரிய பேருந்துகளில் பொதுவாக இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட் பெறுகிறார்கள். பட்டறைகளில் 'டைனமோ' என்றே அழைக்கப்படும் ஆல்டர்னேட்டர்தான் அவற்றுக்குச் சார்ஜ் ஏற்றுகிறது. மெக்கானிக்கல் பம்ப் உள்ள பழைய டீசல் எஞ்சினுக்கு ஓடுவதற்கு மின்சாரம் அதிகம் தேவையில்லை. அதனால் சார்ஜ் நின்றாலும் பகலில் வண்டி வழக்கம்போல் ஓடும். இரவிலோ மழையிலோ விளக்கு மங்கி, வைப்பர் மெதுவாகும்போதுதான் விஷயம் தெரியவரும்.

முதலில் விளக்கும் பெல்ட்டும்

சாவியைத் திருப்பியதும் பேட்டரி விளக்கு எரிய வேண்டும். எஞ்சின் ஓடியதும் அணைய வேண்டும். சாவியைத் திருப்பியும் எரியவில்லை என்றால் பல்பு, பியூஸ், வயரைப் பாருங்கள். சில ஆல்டர்னேட்டர்களுக்குத் தொடக்க மின்சாரம் இந்தப் பல்பு வழியாகவே போகிறது. பல்பு போனால் சார்ஜும் ஏறாது.

பிறகு எஞ்சினை அணைத்துவிட்டு பெல்ட்டைப் பாருங்கள். பளபளப்பு, வெடிப்பு, எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் மாற்றிவிடுங்கள். நீளமான பகுதியின் நடுவே கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் 10 முதல் 15 மில்லிமீட்டர் வரை அமுங்கலாம். அதற்கு மேல் அமுங்கினால் பெல்ட் தளர்ந்திருக்கிறது.

மீட்டர் சொல்லும் கணக்கு

வண்டி சில மணி நேரம் நின்ற பிறகு இரண்டு பேட்டரிகளும் சேர்ந்து 25.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நல்ல நிலை. எஞ்சினைச் சற்று வேகமாக ஓடவிட்டால் 27.5 முதல் 28.5 வோல்ட் வரை வர வேண்டும். 26-ஐக்கூடத் தாண்டவில்லை என்றால் சார்ஜ் ஏறவில்லை. 29.5-க்கு மேல் போனால் ரெகுலேட்டர் பழுது. பேட்டரி தண்ணீர் கொதித்து வற்றும்.

விளக்குகளைப் போட்டு ஆல்டர்னேட்டரிலும் பேட்டரியிலும் தனித்தனியே அளந்து பாருங்கள். ஆல்டர்னேட்டரில் 28 வோல்ட், பேட்டரியில் 26.5 என்றால் ஆல்டர்னேட்டர் மேல் குற்றமில்லை. இடையில் உள்ள கேபிள், பியூஸ், துருப்பிடித்த முனை, பாடியில் மாட்டிய எர்த் வயர் ஆகியவற்றில் ஒன்று மின்சாரத்தை விழுங்குகிறது. சுத்தம் செய்து இறுக்கினாலே பல வண்டிகள் சரியாகிவிடும்.

எஞ்சின் ஓடும்போது ஒவ்வொரு பேட்டரியையும் தனியாக அளந்தால் இரண்டும் ஏறக்குறைய 14 வோல்ட் காட்ட வேண்டும். வித்தியாசம் அரை வோல்ட்டைத் தாண்டினால், ரேடியோ, கேமரா போன்ற 12 வோல்ட் சாதனத்தை யாரோ ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் இழுத்திருக்கக்கூடும். அதனால் ஒன்று காலியாகும், மற்றது அதிகமாகச் சார்ஜ் ஆகும். 24-இலிருந்து 12-ஆக மாற்றும் கன்வெர்ட்டர் போடுவதே தீர்வு. பேட்டரியை மாற்றினால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

கேபிள்கள் சரியாக இருந்தும் ஆல்டர்னேட்டரிலேயே வோல்ட் குறைவென்றால் தேய்ந்த கார்பன் பிரஷ், ரெகுலேட்டர், டயோடு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். டயோடு கசிந்தால் நிற்கும் வண்டியிலும் இரவோடு இரவாகப் பேட்டரி இறங்கும்.

பிரேக்கோடு தொடர்பு

சில ஜப்பானிய டீசல் வண்டிகளில் பிரேக்குக்கு உதவும் வேக்குவம் பம்ப் ஆல்டர்னேட்டரின் பின்புறமே இருக்கும். அதன் சீல் கசிந்தால் எஞ்சின் எண்ணெய் உள்ளே போய் பிரஷைக் கெடுக்கும். சீலை மாற்றாமல் பிரஷை மட்டும் மாற்றினால் பழுது திரும்ப வரும். இத்தகைய வண்டியில் பெல்ட் அறுந்தால் பிரேக் மிகவும் கனமாகிவிடும். தண்ணீர் பம்பும் அதே பெல்ட்டில் ஓடினால் எஞ்சின் சூடேறும். ஆகவே, ஓடும்போது சிவப்பு விளக்கு எரிந்தால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி முதலில் பெல்ட்டைப் பாருங்கள். பெல்ட் இல்லையென்றால் வண்டியை நகர்த்த வேண்டாம்.

செய்யக் கூடாதவை

எஞ்சின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றி 'டைனமோ' சோதிப்பது பழைய பழக்கம். அப்போது எழும் அதிக வோல்ட் டயோடையும் ரெகுலேட்டரையும் எரித்துவிடும். ஆல்டர்னேட்டரில் ஸ்பேனர் வைக்கும் முன் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளியாகும். அருகில் சிகரெட், தீப்பொறி ஆகாது.

மாதம் ஒருமுறை நிற்கும்போதும் ஓடும்போதும் அளந்த வோல்ட்டை வண்டிக் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். எண் குறையத் தொடங்கினால் பள்ளி விடுமுறையிலேயே பழுதைப் பார்த்துவிடலாம்.