வீடு மாறும் எழுத்து: கழுக்குன்றம் முதல் செய்திமடல் வரை

கல்லில் வெட்டிவிட்டால் அழியாது என்று நமக்கு ஒரு நம்பிக்கை. ஆனால் கல்லில் இருந்த எழுத்துக்கும் வீடு மாற வேண்டிய நேரம் வந்திருக்கிறது. இணையத்தில் கலை, பண்பாடு பற்றி எழுதுவோர் பலர் இன்று பழைய பக்கங்களை விட்டு மின்னஞ்சல் செய்திமடலுக்கு மாறுகிறார்கள். எதை எடுத்துப் போவது? பழைய முகவரிக்கு வருபவர் என்ன செய்வார்? இந்தக் கேள்விகளுக்குச் செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் வழியிலேயே பதில்கள் இருக்கின்றன.

அரசு மாறியபோது

இரண்டு ஊர்களுக்கும் நடுவில் இருப்பது திருக்கழுக்குன்றம். அங்குள்ள கோயிலுக்குக் கந்தசிஷ்யன் என்ற பழைய மன்னன் நிலம் கொடுத்தான். 642-இல் வாதாபியை வென்ற பல்லவன் நரசிம்மவர்மன் அந்தக் கொடையை அப்படியே தொடர்ந்தான். பிறகு பல்லவர் ஆட்சி முடிந்து தொண்டை மண்டலம் சோழர் கைக்கு வந்தது. பழைய ஆவணத்தைப் புது அரசு மதிக்குமா? புத்தன் என்பவர் விண்ணப்பம் செய்ய, இராசகேசரிவர்மன் தன் 27-ஆம் ஆட்சியாண்டில் அதைப் புதுப்பித்துக் கல்லில் வெட்டச் செய்தான். இவன் முதலாம் ஆதித்த சோழன் என்பது அறிஞர் கருத்து. அப்படியானால் ஆண்டு ஏறத்தாழ 898.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. புதிய கல்வெட்டு பழைய மன்னர் இருவரின் பெயரையும் மறைக்கவில்லை. கந்தசிஷ்யன் கொடுத்த கொடை நமக்குத் தெரிவதே இந்தப் பின்னாளைய பிரதியால்தான்!

இரண்டு சுவர், இரண்டு எழுத்து

மாமல்லபுரத்துக்கு வடக்கே சில கிலோமீட்டர் தொலைவில் சாளுவன்குப்பம். அங்கே அதிரணசண்டன் குடைவரையில் ஒரே வடமொழிக் கல்வெட்டை ஒரு சுவரில் பல்லவ கிரந்தத்திலும், எதிர்ச் சுவரில் நாகரியிலும் வெட்டியிருக்கிறார்கள். ஓர் எழுத்து தெரியாதவர் மற்றதில் படித்துக்கொள்ளலாம்.

தமிழ் இணையத்துக்கும் இதே சிக்கல் வந்தது. தொடக்க காலத்தில் ஒவ்வொரு தளத்துக்கும் ஓர் எழுத்துரு. அந்த எழுத்துரு கணினியில் இல்லையென்றால் திரையில் வெறும் கிறுக்கல்தான். 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் பழைய நூல்களைத் திஸ்கி குறியீட்டில் வெளியிட்டது. யூனிகோடு வந்தபின் அதிலும் தந்தது. ஒரு வகையில் இதுவும் எதிர்ச் சுவரில் எழுதிய பிரதிதான்.

முதலில் படி, பிறகு இடி

வீடு மாற்றத்தை மிகவும் முறையாகச் செய்த இடம் சற்றுத் தள்ளி, கொள்ளிடக் கரையில் இருக்கும் திருமழபாடி. அங்கே கோயில் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்ட முதலாம் இராசராசன் தன் 28-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1013 வாக்கில், ஆணையிட்டான். சுவரில் இருந்த கல்வெட்டுகளையெல்லாம் புத்தகத்தில் படியெடுக்கவும் சொன்னான். அவன் மகன் இராசேந்திரனின் 14-ஆம் ஆண்டில்தான் அவை புதுச் சுவரில் ஏறின. சுமார் 13 ஆண்டுகள் அந்த ஊரின் கொடைக் கணக்குகள் புத்தகத்திலேயே வாழ்ந்தன!

எல்லா இடத்திலும் இந்தப் பொறுப்பு இருந்ததில்லை. திருப்பணியின்போது கற்கள் இடம் மாறி, பாதி வரி படிக்கட்டிலும் பாதி வரி தரைக்கடியிலும் போன கோயில்கள் பல.

பாறை காட்டிய முகவரி

மறுபடியும் சாளுவன்குப்பம். 2004 டிசம்பர் 26 சுனாமி மணலை அரித்துக்கொண்டு போனபின் பாறையில் சில கல்வெட்டுகள் தெரிந்தன. இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் காலத்துக் கல்வெட்டும் அவற்றில் ஒன்று. திருவீழ்ச்சில் என்ற ஊரில் இருந்த சுப்பிரமணியர் கோயிலுக்குக் கொடுத்த கொடையை அது சொன்னது. அப்படி ஒரு கோயில் யார் கண்ணிலும் படவில்லை. 2005-இல் தொல்லியல் துறை அருகில் இருந்த மணல்மேட்டைத் தோண்டியபோது கோயில் கிடைத்தது. அடியில் பழைய செங்கல் கட்டடம், அதன் மேல் பல்லவர் காலக் கருங்கல் கருவறை. கோயிலை மணல் மூடியபோதும், வெளியே பாறையில் இருந்த முகவரி காணாமல் போகவில்லை.

இன்றைய மணல்மேடுகள்

இணையத்தில் மணல் இன்னும் வேகமாக மூடுகிறது. ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபரில் மூடப்பட்டது. யாகூ குழுமங்கள் 2019 இறுதியில் பழைய மடல்களை நீக்கத் தொடங்கி, 2020 டிசம்பரில் முழுவதும் நின்றுபோயின. தமிழ் இலக்கியமும் வரலாறும் பேசிய குழுக்களும் அங்கே இருந்தன. யாரோ முன்கூட்டியே படியெடுத்து வைத்தவை மட்டும் பிழைத்தன.

செய்திமடலில் ஒரு நன்மை உண்டு. ஒவ்வொரு வாசகரின் அஞ்சல் பெட்டியிலும் ஒரு பிரதி போய்ச் சேர்ந்துவிடுகிறது. நிறுவனம் நாளை மூடினாலும் அந்த மடல்கள் இருக்கும். குறையும் உண்டு. ஒரு கோயிலின் பெயரைத் தேடிக்கொண்டு வரும் முன்பின் தெரியாத மாணவனுக்கு, அடுத்தவர் அஞ்சல் பெட்டிக்குள் இருப்பது எப்படிக் கிடைக்கும்?

அதனால் வீடு மாறுபவர்களுக்குப் பழைய சிற்பிகள் சொல்லாமல் சொல்வது இதுதான்: இடிப்பதற்கு முன் படியெடுங்கள். முதலில் எழுதிய நாளையும் பெயரையும் மறைக்காதீர்கள். முடிந்தால் இரண்டு சுவரில் வையுங்கள். பழைய இடத்தில் புது முகவரியை ஒரு வரி எழுதிவிட்டுப் போங்கள். ஆயிரம் ஆண்டு கழித்து ஒரு கோயிலைக் கண்டுபிடித்துத் தந்தது அப்படிப்பட்ட ஒரு வரிதான்!