அமெரிக்க நாணயவியல் கழக நூலகம்
நியூயார்க்கில் 1858-இல் தொடங்கப்பட்ட அமெரிக்க நாணயவியல் கழகத்தின் ஆய்வு நூலகம். தங்கக்காசுச் சேகரிப்பாளரும் கழகத்தின் முன்னாள் தலைவருமான ஹாரி டபிள்யூ. பாஸ் ஜூனியரின் பெயரைத் தாங்கியது. நூல்கள், இதழ்கள், சிறுவெளியீடுகள் என இருப்பு பெரியது. ஆனால் சேகரிப்பாளருக்கு உண்மையான புதையல் பழைய ஏலப் பட்டியல்களே.

கையால் அடித்த காசுகளில் இரண்டு ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒன்றில் அச்சு விலகியிருக்கும், இன்னொன்றில் விளிம்பு பிளந்திருக்கும். இந்த அடையாளங்களைப் பட்டியலின் படத்தோடு ஒப்பிட்டால், காசு முன்பு எப்போது, யாருடைய தொகுப்பிலிருந்து விலைபோனது என்று கண்டறியலாம். அதே கீறலும் அதே பிளவும் இரண்டு காசுகளில் தென்பட்டால், ஒன்றாவது வார்ப்புப் போலி என்று ஐயுற வேண்டும். படங்களையும் கண்மூடி நம்பலாகாது: பழைய பட்டியல்கள் பலவற்றில் இருப்பவை காசின் படங்களல்ல, அதன் சாந்து வார்ப்பின் படங்கள்.