கரையில் கிடந்த கப்பல்

'யானை இருந்தாலும் ஆயிரம் பொன். இறந்தாலும் ஆயிரம் பொன்' என்பது நம் முதுமொழி. கப்பலுக்கு இது பொருந்துமா? உழைத்து ஓய்ந்த கப்பலை உடைத்து இரும்பாக விற்பதே உலக வழக்கம். அதற்கு விலக்காய் அமைந்தது 'கிரேட் பிரிட்டன்' என்னும் கப்பலின் வரலாறு.

பொறியியல் மேதை புருனெல் வடிவமைத்த இக்கப்பல், 1843ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 19ஆம் நாள் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் மிதக்கவிடப்பட்டது. நீளம் 322 அடி. இரும்பு உடலும் திருகு உந்தியும் ஒருங்கே கொண்டு அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்த முதற்பெருங்கப்பல் இதுவே. 1852 முதல் ஏறத்தாழக் கால் நூற்றாண்டு குடியேறுவோரை ஆஸ்திரேலியாவுக்குச் சுமந்து சென்றது.

1886இல் ஹார்ன் முனையருகே புயலில் சிக்கிப் பாக்லாந்து தீவுகளில் ஒதுங்கியது. பழுது நீக்கும் செலவைக் கண்டு உரிமையாளர் அதனை விற்றுவிட்டனர். மாந்தர் உலவிய தளங்களில் கம்பளி மூட்டைகளும் நிலக்கரியும் குவிந்தன. கிடங்காகவும் உதவாத நிலை வந்ததும், 1937இல் ஸ்பாரோ குடாவிற்கு இழுத்துச்சென்று, அடியில் துளையிட்டு, ஆழமற்ற நீரில் அமிழ்த்தினர்.

அங்கே முப்பத்து மூன்று ஆண்டுகள் அலை மோதியது, துரு அரித்தது, உடலில் பெரும்பிளவு கண்டது. ஆயினும் கப்பல் உருக்குலையவில்லை. 1967இல் கப்பற்பொறியாளர் யுவன் கார்லெட் அதனைக் காக்குமாறு நாளிதழில் கடிதம் எழுதினார். ஜாக் ஹேவர்ட் என்னும் செல்வர் பொருளுதவினார். தீவு மக்கள் தந்த பழைய மெத்தைகளைத் திணித்துப் பிளவை அடைத்தனர். மிதவைமேல் ஏற்றிப் பெருங்கடல் கடந்து இழுத்து வந்தனர். 1970 ஜூலை 19ஆம் நாள், தான் பிறந்த அதே கட்டுதுறையில், அதே திங்கள் அதே நாளில் அக்கப்பல் மீண்டும் நுழைந்தது!

இரும்பில் ஊறிய உப்பு பின்னரும் துருவை வளர்த்தது. ஆகவே 2005 முதல் கப்பலின் அடிப்புறத்தைச் சுற்றியுள்ள காற்றின் ஈரத்தை எந்திரங்களால் அகற்றிக் காத்து வருகின்றனர்.

உரிமையாளர் கண்டது செலவை. தீவினர் கண்டது ஓட்டைக் கலத்தை. கற்றறிந்த ஒருவர் கண்டதோ வரலாற்றை. நம் பள்ளி அலமாரிகளிலும் செல்லரித்த வருகைப் பதிவேடுகளும் பழைய ஆண்டு மலர்களும் கிடக்கின்றன. அவற்றைக் குப்பையில் இடுமுன், ஆசிரியரும் மாணவரும் ஒருமுறை விரித்துப் படித்துப் பார்ப்போமாக.